நகரப் பணிகளைத் தனியாருக்கு விடும்போது மிச்சம் எங்கே வருகிறது, எங்கே கரைகிறது? (அமெரிக்க நகரங்கள்)

தெருவிளக்கு:
குப்பை அள்ளுவது, சாலைப் பராமரிப்பு, குடிநீர், பார்க்கிங் மீட்டர் என ஏதாவது ஒன்றைத் தனியாருக்கு விடும் தீர்மானம் அமெரிக்க நகர சபைகளுக்கு அடிக்கடி வருகிறது. "ஆண்டுக்கு இத்தனை லட்சம் டாலர் மிச்சம்" என்று அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும். எதிர்ப்பவர்கள் சிகாகோ பார்க்கிங் மீட்டர் குத்தகையைக் காட்டுவார்கள், ஆதரிப்பவர்கள் இண்டியானாபொலிஸ் நகரம் பணிகளை ஏலத்துக்கு விட்டதைக் காட்டுவார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த மிச்சக் கணக்கை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, ஒப்பந்தத்தில் எந்த இடத்தில் கோளாறு வரும் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பள்ளி வவுச்சர், வரி உச்சவரம்பு எல்லாம் இங்கே வேண்டாம், அதற்குத் தனி இழை போட்டுக்கொள்ளலாம்.

பொதுக்கணக்கு:
ஒப்பந்தம் அமலுக்கு வந்த மறுநாள் நகராட்சியின் எந்தச் செலவு உண்மையிலேயே நிற்கும்? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தீர்மானங்களில் பெரும்பாலும் துறையின் மொத்தச் செலவையும் தனியார் கேட்ட விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துவிடுகிறார்கள். அது தவறான கழித்தல்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். குப்பைத் துறையின் ஆண்டுச் செலவு 1 கோடி டாலர். சம்பளமும் சலுகைகளும் 52 லட்சம், டீசல் மற்றும் பழுதுபார்ப்பு 18 லட்சம், லாரித் தேய்மானம் 12 லட்சம், மீதி 18 லட்சம் தலைமை அலுவலகத்திலிருந்து துறையின் தலையில் பங்கு பிரித்துப் போட்ட மேற்செலவு (சட்டப்பிரிவு, ஊதியப் பட்டியல், கணினி, நகர மேலாளர் அலுவலகம்). தனியார் 87 லட்சம் கேட்கிறார். தீர்மானத்தில் "13 லட்சம் மிச்சம்" என்று எழுதிவிடுவார்கள்.

குப்பை லாரி போய்விட்டால் நகர வழக்கறிஞரின் சம்பளம் குறையுமா? அந்த 18 லட்சத்தில் 3 லட்சம் நின்றால் பெரிது. லாரிகளை நல்ல விலைக்கு விற்க முடியும் என்றே வைத்துக்கொண்டாலும் நிற்கிற செலவு 52 + 18 + 12 + 3 = 85 லட்சம்தான். எதிர்ப்பக்கம் 87 லட்சத்தோடு ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் ஆட்களுக்கு 4 லட்சம் சேருங்கள், 91 லட்சம். 13 லட்சம் மிச்சம் என்றது 6 லட்சம் நட்டம் ஆகிறது. வேலையை விட்டுப் போகிறவர்களின் சேர்த்துவைத்த விடுப்புக்கான பணம், வேலையின்மைக் காப்பீடு போன்ற ஒருமுறைச் செலவுகள் இதில் இன்னும் வரவில்லை.

ஏலம்விடு:
பொதுக்கணக்கு சொல்வது சரி, ஆனால் பாதி. துறைகள் தங்கள் செலவை மறைப்பதையும் எழுத வேண்டும். புதிய லாரி மூலதன பட்ஜெட்டில் வரும், துறைக் கணக்கில் வராது. பணிமனை நிற்கிற நிலத்துக்கு வாடகை கிடையாது. விபத்து இழப்பீடு பொது நிதியிலிருந்து போகும். ஓய்வுபெற்றவர்களின் மருத்துவக் காப்பீடு வேறொரு தலைப்பில் உட்கார்ந்திருக்கும். "எங்கள் துறைக்கு ஒரு வீட்டுக்கு மாதம் இவ்வளவுதான்" என்று சபையில் சொல்லப்படும் எண்ணில் இவற்றில் பாதி இருக்காது.

இண்டியானாபொலிஸில் ஸ்டீபன் கோல்ட்ஸ்மித் 1992 முதல் 2000 வரை மேயராக இருந்தபோது நடந்ததைக் கதையாகச் சொல்கிறார்கள், உள்ளே இருந்த கணக்கு வேலையைச் சொல்வதில்லை. அங்கே முதலில் செய்தது செயல்வாரிச் செலவுக் கணக்கு: துறைக்கு எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, ஒரு டன் தாரில் சாலைக் குழி அடைக்க எவ்வளவு, ஒரு மைல் பனி தள்ள எவ்வளவு என்று பிரித்தார்கள். அதுவரை அந்த எண் யாரிடமும் இல்லை. அது கையில் வந்த பிறகுதான் குழி அடைக்கும் வேலையை ஏலத்துக்கு விட்டார்கள். நகராட்சித் தொழிலாளர்களும் போட்டியிடலாம் என்றார்கள்.

தொழிற்சங்கம் கேட்டது நியாயமான கேள்வி: சுமார் 90 தொழிலாளிக்கு 30க்கு மேல் மேற்பார்வையாளர்களை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படிப் போட்டி போடுவது? அந்த மேற்பார்வையாளர்கள் பலரும் மேயரின் சொந்தக் கட்சிக்காரர்கள். அவர்களில் பாதிப் பேரைக் குறைத்தார்கள். தொழிலாளர்கள் ஒரு குழுவுக்கு எத்தனை ஆள், எத்தனை லாரி என்று தாங்களே மாற்றியமைத்து, செலவை ஏறக்குறைய கால் பங்கு இறக்கி ஏலத்தை வென்றார்கள். வேலை தனியாருக்குப் போகவே இல்லை. ஆனால் மிச்சம் வந்தது.

கறார்ப்பேர்வழி:
அப்படியானால் தனியார்மயம் மிச்சம் தந்தது என்று ஏன் எழுதுகிறார்கள்? உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறதே.

ஆய்வுகளும் அப்படித்தான். 1970களில் வந்த குப்பை ஆய்வுகள் தனியாருக்குச் சாதகமாக இருந்தன. பிறகு பெல், ஃபகேதா, வார்னர் ஆகிய மூவரும் 2010இல் குடிநீர், குப்பை இரண்டுக்குமான ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் புள்ளியியல் மறுபரிசீலனை செய்தார்கள். தனியார் உற்பத்தி முறையாக மலிவு என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஏலம்விடு:
எனக்கு எதிராக நிற்கவில்லை, நான் சொல்ல வந்ததே அதுதான். விலையை இறக்குவது உடைமை அல்ல, போட்டி. நகராட்சி தனியாரிடம் தோற்கலாம், தனியார் நகராட்சியிடம் தோற்கலாம் என்ற நிலை இருக்கும்வரைதான் இரண்டு பேரும் ஒழுங்காக இருப்பார்கள். பொது ஏகபோகத்தை இருபது வருடத் தனியார் ஏகபோகமாக மாற்றிவிட்டு அதைச் சந்தை என்று சொல்வது எனக்கும் ஒப்பாது.

இதை இண்டியானாபொலிஸுக்கு முன்பே தெளிவாகச் செய்தது ஃபீனிக்ஸ். 1970களின் கடைசியில் நகரைக் குப்பை வட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றாக ஏலம் விட்டார்கள். பொதுப்பணித் துறையும் போட்டியிட்டது, தொடர்ந்து தோற்றது. தோற்ற பிறகு, பின்பக்கம் மூன்று ஆள் ஏறும் லாரியை விட்டுவிட்டு, ஒரே ஓட்டுநர் பக்கவாட்டுக் கையால் தொட்டியைத் தூக்கும் லாரிக்கு மாறியது. வழித்தடங்களைத் திரும்ப வகுத்தது. 1984இல் தொடங்கி, இழந்த வட்டங்களை ஏலத்தில் மீட்டது.

அந்த ஏற்பாட்டில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். வட்டங்களின் ஒப்பந்தங்கள் ஒரே நாளில் முடியாது, ஒன்றன்பின் ஒன்றாக முடியும். துறை கொடுக்கும் விலையை நகரத் தணிக்கையாளர் தனியே சரிபார்ப்பார், பிறகுதான் ஏல உறைகளைத் திறப்பார்கள். நகராட்சியிடம் எப்போதும் கொஞ்சம் லாரியும் ஆளும் இருக்கும். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண்.

பொதுக்கணக்கு:
ஓய்வூதியத்தைப் பற்றி மேலே யாரும் தொடவில்லை. அதுதான் ஏமாற்றுகிற எண்.

"தனியாருக்கு விட்டால் ஓய்வூதியச் சுமை போய்விடும்" என்பார்கள். ஓய்வூதியத்துக்கு நகராட்சி கட்டும் பங்கில் இரண்டு துண்டு இருக்கிறது. இந்த ஆண்டு வேலை செய்பவர் இந்த ஆண்டில் ஈட்டும் உரிமைக்கான தொகை ஒன்று. கடந்த காலத்தில் கட்டாமல் விட்ட பாக்கியைத் தவணையாக அடைக்கும் தொகை இன்னொன்று. ஆள் குறைந்தால் முதல் துண்டு நிற்கும். இரண்டாவது ஒரு டாலர்கூடக் குறையாது, அது ஏற்கெனவே பட்ட கடன். பல மாநிலத் திட்டங்களில் அதைச் சம்பளப் பட்டியலின் சதவீதமாக வசூலிப்பதால், பட்டியல் சுருங்கியதும் மிச்சமிருக்கும் போலீஸ், தீயணைப்பு, நூலகத் துறைகளின் சதவீதம் ஏறும். குப்பைத் துறையில் காட்டிய மிச்சம் நூலகத்தின் பட்ஜெட்டில் செலவாக முளைக்கும்.

எனவே தீர்மானத்தில் "ஓய்வூதியச் சேமிப்பு" என்ற வரி இருந்தால் இரண்டு துண்டாக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் அந்த வரியைப் பூஜ்யமாக வைத்துக் கணக்குப் போடுவதே பாதுகாப்பு.

தெருவிளக்கு:
இது நல்ல விளக்கம். அப்படியே முழு நகரத்தையும் தனியாருக்கு விட்ட சாண்டி ஸ்பிரிங்ஸ் பற்றியும் யாராவது சொல்லுங்கள். அதை வெற்றி என்று எழுதியவை நிறைய, 2019க்குப் பிறகு என்ன ஆனது என்று எழுதியவை குறைவு.

கறார்ப்பேர்வழி:
ஜார்ஜியா மாநிலம், அட்லாண்டாவுக்கு வடக்கே. 2005 டிசம்பரில் தனி நகரமாகப் பதிவானது. போலீஸும் தீயணைப்பும் தவிர்த்து ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம், சி.எச்.2.எம். ஹில்லிடம், கொடுத்தார்கள். பழைய ஊழியர் இல்லை, பழைய ஓய்வூதியப் பாக்கி இல்லை, பழைய கட்டடம் இல்லை. ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு வருடத்துக்குள் நகராட்சியை நிறுத்த வேண்டிய அவசரம், அதற்கு ஒரே ஒப்பந்தம் பொருந்தியது. சில வருடம் கழித்து மறு ஏலத்தில் வேலையைப் பல நிறுவனங்களுக்குப் பிரித்தார்கள், செலவு இறங்கியது. 2019இல் கணக்குப் போட்டுப் பார்த்து, பெரும்பாலான வேலைகளை நகர ஊழியர்களிடமே கொண்டுவந்தார்கள். ஐந்து ஆண்டில் 1.4 கோடி டாலர் மிச்சம் என்பது நகராட்சி அப்போது சொன்ன மதிப்பீடு.

இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பதினான்கு வருடம் கழித்து அவர்களே போட்ட கணக்கு அது என்பதைச் சொல்லாமல் 2005ஐ மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையில்லை.

ஏலம்விடு:
ஒப்புக்கொள்கிறேன். ஒன்று சேர்க்கிறேன். அவர்களால் திரும்பக் கொண்டுவர *முடிந்தது*. ஒப்பந்தக் காலம் குறுகியது, சொத்து நகரத்துடையது. அதே மாநிலத்தில் அட்லாண்டா குடிநீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அங்கே யுனைடெட் வாட்டர் என்ற தனியார் நிறுவனத்துடன் 1999இல் 20 ஆண்டு ஒப்பந்தம் தொடங்கியது. 2003 தொடக்கத்திலேயே முறிந்தது. ஏன் 20 ஆண்டு என்று கேட்டால் பதில் வரிச் சட்டத்தில் இருக்கிறது. நகரங்கள் வரிவிலக்குப் பத்திரத்தில் (வட்டிக்கு வருமான வரி இல்லாத கடன்பத்திரம்) கடன் வாங்கிக் குழாய் பதிக்கின்றன. அந்தச் சொத்தைத் தனியார் நீண்ட காலம் நடத்தினால் வரிவிலக்கு போய்விடும் அபாயம். 1997இல் வருமான வரித்துறை விதியைத் தளர்த்தி, பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு 20 ஆண்டு வரை இடம் கொடுத்தது. உடனே எல்லாரும் 20 ஆண்டுக்குப் போனார்கள். அதற்கு முன் ஐந்தாண்டுதான் வழக்கம்.

முறிந்த காரணமும் பாடமான காரணம். நிலத்துக்கடியில் இருக்கும் குழாயின் நிலை என்ன, வீடுகளில் எத்தனை தண்ணீர் மீட்டர், ஆண்டுக்கு எத்தனை உடைப்பு என்பதற்கு நகராட்சியிடம் நம்பகமான பதிவு இல்லை. ஏலத்தில் கொடுத்த எண்ணிக்கையைவிட உண்மை வேலை அதிகம் என்று நிறுவனம் கூடுதல் பணம் கேட்டது. நகராட்சி பழுப்பு நிறத் தண்ணீரையும் தாமதமான பழுதுபார்ப்பையும் காட்டியது. எண் தெரியாமல் ஏலம் விட்டால் வெல்பவர் எப்போதும் மிகக் குறைவாக மதிப்பிட்டவர்தான், ஆறு மாதத்தில் கதவைத் தட்டுவார்.

பொதுக்கணக்கு:
அதோடு எண் தெரிந்த ஏலதாரர் எண் தெரியாத நகராட்சியை எப்படி விழுங்குவார் என்பதையும் பார்த்துவிடலாம். சாலை வேலையில் இது அன்றாடம்.

நகராட்சி மதிப்பீடு: மேற்பூச்சு 1,000 டன், அடித்தளப் பழுது 100 டன். நேர்மையான ஏலதாரர் டன்னுக்கு 100 டாலர், 300 டாலர் என்று கேட்கிறார். மொத்தம் 1,30,000. இன்னொருவர் சாலையை நடந்து பார்த்திருக்கிறார், அடித்தளம் பல இடத்தில் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். அவர் 70 டாலர், 550 டாலர் என்று போடுகிறார். மொத்தம் 1,25,000. குறைந்த விலை, வேலை அவருக்கு.

உண்மையில் வருவது மேற்பூச்சு 700 டன், அடித்தளம் 400 டன். முதலாமவருக்குக் கொடுத்திருந்தால் 70,000 + 1,20,000 = 1,90,000. இப்போது கொடுக்கப்போவது 49,000 + 2,20,000 = 2,69,000. யாரும் லஞ்சம் வாங்கவில்லை, விதி எதுவும் மீறப்படவில்லை.

இதைத் தடுக்க வழிகள் உண்டு. ஒவ்வொரு வேலை இனத்துக்கும் (மேற்பூச்சு, அடித்தளம் என) பொறியாளர் மதிப்பீட்டு விலையை முன்பே வைத்திருந்து, அதைவிட மிகவும் விலகிய இனத்துக்கு விளக்கம் கேட்பது. அளவு 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் அந்த இனத்தின் விலையைத் திரும்பப் பேசலாம் என்ற வரியைச் சேர்ப்பது. ஏலத்துக்கு முன் அங்கங்கே துளையிட்டுச் சோதித்து அந்த முடிவை எல்லா ஏலதாரருக்கும் கொடுப்பது. மூன்றாவது செலவுபிடித்தது, ஆனால் மேலே உள்ள 79,000 வித்தியாசத்தைவிட மலிவு.

நான்காம்சக்கரம்:
சிகாகோவை எல்லாரும் தொட்டுவிட்டுப் போகிறீர்கள். அது சேவை ஒப்பந்தமே அல்ல என்பதை முதலில் பிரிக்க வேண்டும். குப்பையில் நகராட்சி பணம் கொடுத்து வேலை வாங்குகிறது. மீட்டரில் நகராட்சி எதிர்கால வருமானத்தை விற்று இன்று பணம் வாங்கியது. அது கடன், பெயர் மட்டும் குத்தகை.

2008 டிசம்பர் தொடக்கத்தில் அறிவித்து, இரண்டு நாளில் சபை நிறைவேற்றியது. சுமார் 36,000 மீட்டர், 75 ஆண்டு, ஏறக்குறைய 115 கோடி டாலர். 2009 ஜூனில் நகரத்தின் சொந்தத் தலைமை ஆய்வாளரே அறிக்கை வெளியிட்டார்: நகரமே வைத்திருந்தால் அந்த மீட்டர்களின் மதிப்பு 213 கோடி, 97 கோடிக்கு மேல் குறைத்து விற்றாயிற்று என்று. வந்த பணத்தில் பெரும்பகுதி பட்ஜெட் ஓட்டையை அடைக்கச் சில வருடத்தில் தீர்ந்தது. குத்தகை 2080கள் வரை ஓடும்.

75 ஆண்டு ஏன்? இதற்கும் விடை வரியில்தான். குத்தகைக் காலம் சொத்தின் பொருளாதார ஆயுளைவிட நீளமாக இருந்தால், வரிக் கணக்குக்கு அது வாங்கியதுபோல ஆகிறது, தேய்மானக் கழிவு எடுக்கலாம். முதலீட்டாளருக்கு அதில் லாபம், அதில் ஒரு பங்கு ஏல விலையில் நகரத்துக்கு வருகிறது. ஆக மத்திய அரசின் வரி வருவாயில் கொஞ்சத்தை எடுத்து, நகரத்தின் கையை மூன்று தலைமுறைக்குக் கட்டிய ஏற்பாடு.

கை கட்டியது எப்படி என்றால், ஊர்வலத்துக்கோ சாலை வேலைக்கோ வரம்புக்கு மேல் இடத்தை மூடினால் நகரம் ஈடு கட்ட வேண்டும். ஒரு வரிசையை மிதிவண்டிப் பாதையாக்கினால் வேறெங்கோ அதே மதிப்பில் இடம் தர வேண்டும், அல்லது பணம். தெருவை எப்படிப் பயன்படுத்துவது என்ற முடிவுக்கே விலைச்சீட்டு ஒட்டியாயிற்று.

ஏலம்விடு:
இண்டியானா சுங்கச்சாலையை இதோடு ஒப்பிடுவது பொருந்தும். 2006இல் ஆளுநர் மிட்ச் டேனியல்ஸ் காலத்தில் அதுவும் 75 ஆண்டு, 380 கோடி டாலர். ஆனால் பணம் அன்றாடச் செலவுக்குப் போகவில்லை, பெரும்பகுதி மாநிலச் சாலைத் திட்டத்துக்குப் போனது. குத்தகை நிறுவனம் கடன் தாங்காமல் 2014இல் திவால் மனு கொடுத்தது. 2015இல் ஐ.எஃப்.எம். என்ற முதலீட்டு நிறுவனம் 570 கோடிக்கு மேல் கொடுத்து எடுத்தது. மாநிலம் வாங்கிய பணம் வாங்கியதுதான், சாலையும் ஓடிக்கொண்டே இருந்தது. போக்குவரத்துக் குறையும் அபாயத்தை உண்மையாகவே தனியாரிடம் தள்ளிய ஒப்பந்தம் அது.

நான்காம்சக்கரம்:
அபாயம் போனது சரி. ஆனால் சுங்கக் கட்டண உயர்வுச் சூத்திரமும் ஒப்பந்தத்தோடு போனது. நீங்கள் விலையையும் சொத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள். இரண்டையும் பிரிக்கலாம்.

கலிஃபோர்னியா 91ஆம் நெடுஞ்சாலையின் விரைவுத் தடங்கள் 1995 டிசம்பரில் திறந்தன, நேரத்துக்கு ஏற்ப விலை மாறும் அமெரிக்காவின் முதல் சுங்கத்தடம். தனியார் பணத்தில் கட்டியது. விலை முறை நன்றாகவே வேலை செய்தது. கெடுத்தது ஒப்பந்தத்தில் இருந்த போட்டித் தடை: இருபுறமும் ஒன்றரை மைலுக்குள் மாநிலம் சாலைத் திறனைக் கூட்டக்கூடாது. பக்கத்துத் தடத்தில் நெரிசல் இருந்தால்தான் கட்டணத் தடத்துக்கு வரும்படி. மக்கள் கொதித்தார்கள், வழக்கு வந்தது. 2003இல் ஆரஞ்சு கவுண்டி போக்குவரத்து ஆணையம் 20.75 கோடி டாலருக்கு வாங்கியது. போட்டித் தடை போயிற்று, மாறும் விலை இன்றும் இருக்கிறது. சந்தை முறை பொதுத்துறையின் கையில்தான் பிழைத்தது.

சான் பிரான்சிஸ்கோ பார்க்கிங் மீட்டரும் அதே ரகம். 2011இல் தொடங்கிய சோதனையில் ஏறக்குறைய 7,000 மீட்டர் இடம். ஒரு தெருத் துண்டில், ஒரு நேரப் பகுதியில் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் மணிக்கு 25 சென்ட் ஏற்றம். 60 முதல் 80 வரை மாற்றமில்லை. 30 முதல் 60 வரை 25 சென்ட் இறக்கம். 30க்குக் கீழே 50 சென்ட் இறக்கம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையே சில வாரம் இடைவெளி, மேலே 6 டாலர், கீழே 25 சென்ட் என்று எல்லை. "விலை ஏற்றத்தான் இந்த வேஷம்" என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். சோதனைப் பகுதிகளில் சராசரி மீட்டர் விலை 2.69 டாலரிலிருந்து 2.58 ஆக *இறங்கியது*. ஒரு துண்டில் நெரிசல், அடுத்த துண்டு காலி. ஒரே விலை என்பதுதான் கோளாறாக இருந்திருக்கிறது.

கறார்ப்பேர்வழி:
அதில் ஒரு குறை உண்டு. இடம் நிரம்பியதா என்று அறியத் தரையில் பதித்த உணரிகளின் பேட்டரி தீரும், பிறகு மாற்ற ஆகும் செலவு அதிகம். சோதனை முடிந்ததும் மீட்டரில் விழும் பணத்தை வைத்தே நிரம்பலை மதிப்பிடும் வழிக்குப் போனார்கள். இன்னொன்று, ஊனமுற்றோர் அட்டை உள்ள வண்டிகள் அந்த மாநிலத்தில் கட்டணம் கட்டத் தேவையில்லை. அட்டை அதிகம் வரும் தெருவில் விலையை எவ்வளவு ஏற்றினாலும் இடம் காலியாகாது. சூத்திரம் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

நான்காம்சக்கரம்:
சரியான குறைதான். அரசியல் பக்கத்தில் பசடேனாவின் தந்திரம் இதைவிடப் பழையது: 1993இல் பழைய நகர்ப்பகுதியில் மீட்டர் வைத்தபோது, வருமானத்தை அதே தெருக்களின் நடைபாதைக்கும் விளக்குக்கும் செலவழிப்பதாக எழுதிக்கொடுத்தார்கள். அதுவரை எதிர்த்த கடைக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். பணம் பொது நிதிக்குப் போயிருந்தால் அந்த மீட்டர் வந்திருக்காது.

தெருவிளக்கு:
குப்பைக்குத் திரும்புவோம், பெரும்பாலான நகரங்களுக்கு முதலில் வருவது அதுதான். ஒப்பந்த வரைவு கையில் வந்தால் எந்தப் பக்கங்களைத் திருப்ப வேண்டும்?

பொதுக்கணக்கு:
புகாரை யார் வாங்குகிறார் என்ற பக்கத்தை முதலில். "வாடிக்கையாளர் சேவையை ஒப்பந்ததாரர் நடத்துவார்" என்று இருந்தால், தண்டம் கட்ட வேண்டியவரே குற்றப்பதிவேட்டையும் எழுதுகிறார். புகார் எண் நகராட்சியுடையதாக இருக்க வேண்டும், பதிவு நகராட்சிக் கணினியில் விழ வேண்டும், அங்கிருந்து ஒப்பந்ததாரருக்குப் போக வேண்டும்.

அடுத்து தண்டம். விட்டுப்போன வீட்டை 24 மணி நேரத்துக்குள் அள்ளாவிட்டால் இத்தனை டாலர், ஒரு முழுத் தெருவை விட்டால் இத்தனை என்று அட்டவணை இருக்கும். அந்த எண்ணை நகராட்சிக்கு ஏற்படும் இழப்பின் நியாயமான மதிப்பீடு என்று காட்ட முடிய வேண்டும், ஒரு லாரியை அனுப்பி அள்ள ஆகும் செலவு என்பது போல. வெறும் பயமுறுத்தலுக்காகப் பெரிய எண்ணைப் போட்டால், அது அபராதம் என்று சொல்லி அமெரிக்க நீதிமன்றம் தள்ளிவிடும். ஆயிரம் டாலரைவிட, நிற்கக்கூடிய நூறு டாலர் மேல்.

விலை உயர்வுச் சூத்திரம். நுகர்வோர் விலைக் குறியீட்டை முழு விலைக்கும் பொருத்தியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். லாரித் தவணை முதல் வருடமே நிலையாகிவிடுகிறது, அது ஏன் ஆண்டுக்கு ஆண்டு ஏற வேண்டும்? கூலிப் பங்குக்குக் கூலிக் குறியீடு, டீசல் பங்குக்கு மத்திய எரிசக்தித் தகவல் நிர்வாகம் வாரந்தோறும் வெளியிடும் டீசல் விலை, மீதிக்கு உயர்வில்லை. டீசல் இறங்கினால் விலையும் இறங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

கறார்ப்பேர்வழி:
உத்தரவாதப் பத்திரத்தையும் (ஒப்பந்ததாரர் வேலையைக் கைவிட்டால் நகராட்சிக்கு ஈடு கிடைப்பதற்கான பத்திரம்) பாருங்கள். ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பத்திரம் கொடுப்பார்கள். புதுப்பிக்காமல் விட்டாலே ஒப்பந்த மீறல் என்று எழுதவில்லை என்றால், மூன்றாம் வருடம் நிறுவனம் தள்ளாடும்போது கையில் ஒன்றும் இருக்காது.

தொழிலாளர் விஷயம்: மாசசூசெட்ஸில் 1993 முதல் பச்சேகோ சட்டம் இருக்கிறது. மாநில வேலையை வெளியே விடுமுன், இருக்கும் ஊழியர்களே மிகத் திறமையாக வேலை செய்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டு, மாநிலத் தணிக்கையாளரிடம் மிச்சத்தை நிரூபிக்க வேண்டும்.

ஏலம்விடு:
அந்தச் சட்டம் தடைச்சுவராக மாறியது என்பதுதான் என் கருத்து. கூலியைக் குறைத்து வரும் மிச்சத்தைச் சேர்க்க விடுவதில்லை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஊழியர்களின் 'மிகத் திறமையான' செலவு என்பது ஒருபோதும் நடந்திராத கற்பனை எண். அந்த எண்ணில் வேலையை முடிக்க யாரும் கட்டுப்பட்டவர் இல்லை. இண்டியானாபொலிஸில் தொழிலாளர்கள் அந்த எண்ணை ஏலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 2015இல் பாஸ்டன் போக்குவரத்து ஆணையத்துக்கு மூன்று வருடம் அந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்ததும் இதனால்தான்.

கறார்ப்பேர்வழி:
விலக்குக் கொடுத்த அந்தக் குளிர்காலத்தில் ரயில்களே பனியில் நின்றுபோயிருந்தன. அதை ஒப்பந்தச் சட்டத்தின் தலையில் கட்டுவது எளிது. கட்டுப்பட்ட எண் வேண்டும் என்பதில் உடன்படுகிறேன். துறை ஏலத்தில் வென்றால், சொன்ன விலையைத் தாண்டும்போது யார் பொறுப்பு என்பதையும் எழுத வேண்டும். தனியாருக்கு நட்டம் அவர் பையிலிருந்து போகும், துறைக்கு நட்டம் கூடுதல் ஒதுக்கீடாக வரும். ஃபீனிக்ஸில் தணிக்கையாளர் ஏலத்துக்கு முன் மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அந்த ஏற்பாடு ஓடியிருக்காது.

பொதுக்கணக்கு:
தெருவிளக்கு, வரைவில் இல்லாத இரண்டு விஷயத்தையும் கேளுங்கள், அவைதான் அடுத்த ஏலத்தைத் தீர்மானிக்கும்.

ஒன்று, குப்பை எங்கே கொட்டப்படுகிறது. அள்ளுகிற நிறுவனமே பக்கத்தில் உள்ள இடைமாற்று நிலையத்தையும் (குப்பையைப் பெரிய வண்டிக்கு மாற்றும் இடம்) குப்பைக் கிடங்கையும் வைத்திருந்தால், போட்டியாளர் ஒவ்வொரு டன்னுக்கும் எதிராளிக்கே கட்டணம் கட்ட வேண்டும். அங்கே ஏலம் பெயரளவில்தான். கொட்டும் ஒப்பந்தத்தை நகராட்சி தனியாக, நீண்ட காலத்துக்கு, யார் அள்ளினாலும் ஒரே கட்டணம் என்று போட்டுக்கொண்டு, அள்ளும் ஒப்பந்தத்தைக் குறுகிய காலத்துக்கு விட வேண்டும். காலம் லாரியின் ஆயுளோடு ஒட்டி, ஏழு வருடம் அளவில் இருந்தால் தவணை முழுதும் அந்த விலைக்குள் அடங்கும். நடுவில் முறித்தால் லாரிகளை நகராட்சி எந்த விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வருடவாரியாக அட்டவணையும் வேண்டும். அது இல்லாத முறிப்பு உரிமை காகிதத்தில்தான்.

இரண்டு, நாட்காட்டி. புது நிறுவனம் லாரி ஆர்டர் கொடுத்தால் வந்துசேர ஒரு வருடம்கூட ஆகலாம். ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருக்கும்போது ஏல அறிவிப்பு வந்தால் லாரி வைத்திருப்பவர் ஒருவர்தான் விலை கொடுப்பார். சபையில் "போதிய போட்டி இல்லாததால் நீட்டிக்கிறோம்" என்று தீர்மானம் வரும். முடியும் தேதிக்கு 18 மாதம் முன்பு அறிவிப்பு, 12 மாதம் முன்பு முடிவு என்று இப்போதைய ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கூடவே வழித்தட வரைபடம், தொட்டி எண்ணிக்கை, வாரவாரியான டன் கணக்கு ஆகியவை நகராட்சியின் சொத்து, கேட்ட பத்து நாளில் திறக்கக்கூடிய கோப்பாகத் தர வேண்டும் என்ற வரியும். ஏலத்துக்கு வருகிற புது ஆள் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.

தெருவிளக்கு:
தானாக நீட்டிப்பு என்ற வரி இருந்தால்? பல ஒப்பந்தங்களில் "எந்தத் தரப்பும் 90 நாள் முன்பு தெரிவிக்காவிட்டால் இன்னும் ஐந்தாண்டு" என்று இருக்கிறதே.

பொதுக்கணக்கு:
அடித்துவிடுங்கள். நீட்டிப்பு வேண்டுமென்றால் ஒரு முறை, ஒரு வருடம், சபையின் பகிரங்க வாக்கெடுப்போடு. அதற்கும் மேலே சொன்ன 18 மாதக் கணக்கு பொருந்தும்.

ஏலம்விடு:
வெளிமாநில நிறுவனங்களுக்கும் ஏல அறிவிப்பு போகிறதா என்று பாருங்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் மட்டும் வெளியான அறிவிப்புக்கு உள்ளூர்க்காரர் ஒருவர்தான் வருவார்.

பொதுக்கணக்கு:
ஆமாம். ஏலத்துக்கு முந்தைய கூட்டத்தில் கேள்வி கேட்டவர்களின் பட்டியலையும் வாங்கிப் பாருங்கள். எட்டுப் பேர் கேள்வி கேட்டு இரண்டு பேர் மட்டும் விலை கொடுத்திருந்தால், மீதி ஆறு பேரையும் கூப்பிட்டு ஏன் விலகினார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பத்திரத் தொகையா, காலக்கெடுவா, கொட்டும் கட்டணமா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.